நல்லுறவுக் குழுவில் டெய்லரக்கா

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். கட்டிய புருஷன்கூடக் கோபம் வந்தால், "டெய்லரக்கா, சாப்பாடு போடுற எண்ணம் இருக்கா?" என்றுதான் கேட்பான்.

மார்க்கெட் சந்து பெரிய தெருவில் வந்து முட்டும் மூலையில் அவள் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்டும் மேஜை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச், அளவெடுக்கத் திரை போட்ட ஒரு மறைவு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யாரும் வந்த வேலையை மட்டும் பேசிவிட்டு எழுந்து போனதில்லை. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் வாயும் சேர்ந்து திறந்துகொள்கிறது என்பது அவள் கண்ட அனுபவம். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்த மாடியில் குடித்துவிட்டுக் கத்துகிறார்கள், சந்தில் எந்த விளக்கு செத்துப் போயிருக்கிறது, எல்லாம் அவள் காதுக்கு வந்து சேரும். கேட்டுக்கொள்வாள். வாய் நிறையக் குண்டூசி இருப்பதால் திருப்பிப் பேச வசதிப்படாது. அதனாலேயே அவளை நம்பி எல்லோரும் சொன்னார்கள்.

ஸ்டேஷன் ஏட்டும் அந்தப் பெஞ்சுக்கு வாடிக்கைதான். அவருக்குப் பதவி வளராத குறையை இடுப்பு வளர்ந்து ஈடுகட்டிக்கொண்டிருந்தது. பேன்ட்டைத் தளர்த்த, பொத்தானைத் தள்ளி வைக்க என்று அடிக்கடி வந்து உட்காருவார். வந்தால் விசாரணை என்று எதுவும் இருக்காது.

"என்னக்கா, எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். மூலை வீட்டு மாடியில மட்டும் ராத்திரில கொஞ்சம் சத்தமாம். அந்தப் பொண்ணு கண்ணெல்லாம் வீங்கிப் போயிருக்கு."

"அப்படியா. சரி, அந்தப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வரேன்."

போவார். மாடிக்காரனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீரைக் குடித்தபடி வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். அதற்குப் பிறகு சத்தம் குறையும். தெரு இப்படியே பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைத்தவர் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர். காவல்துறையும் மக்களும் கைகோத்தால்தான் ஊர் பாதுகாப்பாக இருக்கும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. உத்தரவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைகோத்தது மேலிடத்தின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் போட்டோ வேண்டும், போட்டோவுக்கு ஆட்கள் வேண்டும். இன்ஸ்பெக்டர் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

செக்ரட்டரி ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணி வாங்கப் போனால் அரை மணி நேரம் சமூகப் பொறுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் ஆணியோடு திரும்ப முடியும். மைக்கைக் கண்டுவிட்டால் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே பேச்சைப் பேசுவார். அவர் ஒரே நாளில் குழுவைக் கூட்டிவிட்டார். "காவல் மக்கள் நல்லுறவுக் குழு" என்று பெயரும் ஆயிற்று. ஒரு குறைதான்: பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. அவருடைய மனைவியைக் கேட்டதற்கு, "உங்க பேச்ச வீட்ல கேக்குறது பத்தாதா?" என்று சொல்லிவிட்டாள். நேராக டெய்லரக்கா கடைக்கு வந்தார்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வந்து உக்காந்தா போதும்."

"உக்காரதுக்கு என் பெஞ்சே இருக்கே."

"பெஞ்சுல உக்காந்தா யாருக்கும்மா தெரியும்? இது இன்ஸ்பெக்டர் பக்கத்துல."

அவள் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் கூடவே குடியிருக்கும் நாத்தனார், "இவளப் போய் யாரு போலீஸ்ல சேப்பாங்க?" என்று கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள்ளிருந்து சிரித்தாள். நாத்தனார் சிரித்த பிறகு எந்த அண்ணிதான் மறுப்பாள்?

கையில் கட்டிக்கொள்ள நீலப் பட்டை, இருட்டில் மின்னும் மேலங்கி, ஒரு விசில் கொடுத்தார்கள். மேலங்கி எல்லோருக்கும் தொளதொளவென்று இருந்ததால் அத்தனையையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தது அவள்தான். முதல் கூட்டத்தில் இன்ஸ்பெக்டருக்கு வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்பது பேசி முடிக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பேனரில் யார் படம் எவ்வளவு பெரிது என்பது முடிவானது. குழுவில் விசிலுக்காகச் சந்தோஷப்படாத ஒரே ஆள் பி.டி. மாஸ்டர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோதே அவர் கழுத்தில் விசில் இருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன பந்து, பை, செருப்பு எல்லாவற்றையும் பறிமுதல் செய்து வருஷக் கடைசியில்தான் திருப்பித் தருவார் என்று பேர் எடுத்தவர்.

மூன்றாவது கூட்டத்தில் இன்ஸ்பெக்டர், "இனிமே தகவல் எல்லாம் முறைப்படி கூட்டத்துல வரணும். அங்கங்க நின்னு பேசுறது கூடாது" என்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் விறைப்பாக நின்றிருந்த ஏட்டு, டெய்லரக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவளுக்கும் புதுப் பட்டையின் மிடுக்கு ஏறியிருந்தது. "மூலை வீட்டு மாடியில மறுபடி சத்தம் சார்" என்று எழுந்து நின்று சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். செக்ரட்டரி அதை அப்படியே வாங்கி, கதவு எண்ணோடு மைக்கில் சொன்னார். மைக்கின் ஒலிபெருக்கி வெளியே தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தது.

மறுநாள் மாடிக்காரி தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே வாங்கிக்கொண்டு போனாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு பெஞ்ச் ஊமையாகிவிட்டது. வருகிறவர்கள் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். "வீட்ல எல்லாம் எப்படி?" என்று இவளாகவே கேட்டால், "நல்லா இருக்கோம்கா, ஒரு பிரச்சினையும் இல்ல" என்று வாக்குமூலம் மாதிரிப் பதில் வந்தது. தெருவில் ஒரு பிரச்சினையும் இல்லாத இப்படியொரு காலத்தை அவள் பார்த்ததே இல்லை. ஏட்டும் வரவில்லை. பேன்ட் இறுக்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"உன் கையில பட்ட ஏறுச்சு, ஊர் வாயில பூட்டு ஏறுச்சு" என்றாள் நாத்தனார். அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவள். நறுக்கென்று வெட்டுவது தொழிலோடு வந்த பழக்கம்.

இந்தச் சமயத்தில்தான் சந்து முனையிலிருந்து சைக்கிள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் அங்கேதான் நிறுத்துவார்கள். காய்கறிப் பையோடு திரும்பினால் சைக்கிள் இருக்காது. முன்பென்றால் யார் எடுத்தது என்று சாயங்காலத்துக்குள் பெஞ்சுக்கு வந்திருக்கும். இப்போது குழுவின் பெண் உறுப்பினரான அவளுக்குத்தான் எல்லோருக்கும் கடைசியாக விஷயம் தெரிந்தது.

குழு கூடி, கண்காணிப்பு கேமரா வைக்கலாம் என்று தீர்மானித்தது. சந்து முனைக் கம்பத்தில் கேமரா ஏறியது. திறப்பு விழாவுக்கு அதே கம்பத்துக்கும் எதிர்க் கம்பத்துக்கும் நடுவே பெரிய பேனர் கட்டினார்கள். அதில் இன்ஸ்பெக்டர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே சற்றுச் சிறிதாகச் செக்ரட்டரி. விழா முடிந்தது. பேனரை யார் அவிழ்ப்பது? இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுருட்டி மூலையில் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அது அங்கேயே நின்றது. கேமரா அதற்குப் பின்னால் இருந்துகொண்டு, அல்லும் பகலும் கண் இமைக்காமல் பேனரின் முதுகைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"காத்து அடிச்சா விலகுமே" என்றார் செக்ரட்டரி.

சைக்கிள்கள் தொடர்ந்து போயின. ஆனால் பத்திரிகையில் வேறு செய்தி வந்தது: நல்லுறவுக் குழுவின் ஒத்துழைப்பால் காணாமல் போன சைக்கிள்கள் ஏராளமாக மீட்பு. அடுத்த கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் பூரித்துப் போயிருந்தார். புகார் அதிகமானது மக்களின் நம்பிக்கையைக் காட்டுகிறது, மீட்பு அதிகமானது காவல்துறையின் திறமையைக் காட்டுகிறது என்று விளக்கினார். திருட்டு அதிகமானது எதைக் காட்டுகிறது என்று அவர் சொல்லவில்லை.

டெய்லரக்கா எழுந்தாள். "சைக்கிள் கெடச்சுதுன்னா திருடன் எங்க சார்?"

"விசாரணையில இருக்கு."

"சைக்கிளயாவது ஆளுக்குத் திருப்பிக் குடுத்திடலாமே?"

"மேலதிகாரி கையால குடுக்கணும்மா. அவருக்குத் தேதி கெடைக்கல."

செக்ரட்டரி அவள் மேலங்கியைப் பிடித்து மெதுவாக இழுத்து உட்கார வைத்தார்.

அந்த வாரமே நாத்தனாருடைய சைக்கிள் போனது. அண்ணி கடைக்கு எதிரேயே நிறுத்தியிருந்தாள், அதுவும் கடையில் அண்ணி உட்கார்ந்திருக்கும்போதே. டெய்லரக்கா அப்போது ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது சைக்கிள் இருந்த இடம் மட்டும் இருந்தது.

நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "நீ வெறும் டெய்லரா இருந்தப்ப என் சைக்கிள் பத்திரமா இருந்துச்சு."

டெய்லரக்கா துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தடியில் போட்டு ஏறினாள். பேனரை அவிழ்த்துவிடத்தான் போனாள். முடிச்சு கைக்கு எட்டவில்லை. கேமராவுக்கு நேராக இருந்த இடம்தான் எட்டியது. கையால் வட்டம் பார்த்துக்கொண்டு, கழுத்து வெட்டுகிற மாதிரியே பிசிறில்லாமல் வெட்டி எடுத்தாள். கீழே இறங்கி முன்பக்கம் வந்து நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வட்டம் எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தபடியே இருந்தார், பற்கள் இருந்த இடத்தில் கேமரா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பழக்கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு வந்து பார்த்து, திரும்பிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு குலுங்கினார்.

சில நாள் கழித்து, செக்ரட்டரி கடையின் பின்னறையில் கேமரா பதிவைப் போட்டுப் பார்க்கக் குழு கூடியது. இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வந்திருந்தார்கள். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பட்டப்பகலில் சந்து முனை தெளிவாகத் தெரிந்தது. வரிசையாகச் சைக்கிள்கள். மின்னும் மேலங்கி போட்ட ஒருவர் வந்தார். கழுத்தில் விசில். ஒவ்வொரு சைக்கிளாகப் பூட்டை ஆட்டிப் பார்த்தார். பூட்டாத ஒன்றைக் கண்டதும் தலையை வருத்தத்தோடு அசைத்துவிட்டு, அதை உருட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் திரையை விட்டுவிட்டுப் பி.டி. மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நான்தான். என்ன இப்போ?"

"மாஸ்டர், எங்க கொண்டு போறீங்க?" என்றார் செக்ரட்டரி. மைக் இல்லாததால் அவர் குரல் எழும்பவில்லை.

"ஸ்டேஷனுக்குத்தான். பின்வாசல்ல குடுத்துட்டு வருவேன். பூட்டாம போறவங்களுக்குப் பாடம் வேணும்ல?"

"உங்ககிட்ட இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லிட்டா அப்புறம் எப்படிப் பாடம் கத்துப்பாங்க?"

ஏட்டு தொண்டையைச் செருமினார். "பின்வாசல் டூட்டில இருக்கிறவர்கிட்ட குழுவுல இருந்துன்னு சொல்லிக் குடுத்திருக்கார் சார். அவர் மீட்ட வண்டின்னு எழுதிட்டார். முன்னாடி புகார் வாங்குறவருக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னு தெரியாது."

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் யோசித்தார். மாஸ்டர் திருடன் என்றால் குழு திருடியதாகிவிடும். திருட்டே இல்லை என்றால் மீட்பும் இல்லை, பத்திரிகையில் வந்த செய்தியும் இல்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் யாராவது ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும் அல்லவா? திரையை மறுபடி பார்த்தார். படத்தைச் சுற்றி ஓரமெல்லாம் வளைவாக ஏதோ மறைத்திருந்தது.

"இந்த வட்டம் என்ன?"

செக்ரட்டரி பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பாவின் லேபிளைப் படிக்க ஆரம்பித்தார்.

"உங்க வாய் சார்" என்றாள் டெய்லரக்கா.

அன்றே அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பொதுச் சொத்துக்குச் சேதம் என்பது காரணம். பட்டை, மேலங்கி, விசில் மூன்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. கடை வரைக்கும் நடந்து வருவதற்குள் அது சிரிப்பாக மாறிவிட்டது. புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வாய வெட்டினதுக்கு வேலைய மட்டும்தான் எடுத்தாங்களா?" என்று கேட்டதோடு சரி.

ஒருவழியாக மேலதிகாரிக்குத் தேதி கிடைத்தது. சைக்கிள்கள் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தப்பட்டன. பி.டி. மாஸ்டருக்குச் சிறந்த தன்னார்வலர் என்று சான்றிதழ். நாத்தனார் தன் சைக்கிளை மேலதிகாரி கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போட்டோவில் எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பட்டை போனதும் பெஞ்ச் உடனே பேசிவிடவில்லை. மூலை வீட்டு மாடிப் பெண் வரவே இல்லை. டெய்லரக்கா ஒருநாள் தானே மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். "நான் மைக்குல சொல்லணும்னு சொல்லல. ஆனா சொன்னது நான்தான். தப்பு" என்றாள். அந்தப் பெண் கதவைச் சாத்தவுமில்லை, உள்ளே கூப்பிடவுமில்லை. டெய்லரக்கா திரும்பி வந்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், செக்ரட்டரியின் மகள் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்றாள். திரைக்குப் பின்னால் அளவெடுக்கும்போது அவள் முன்பைவிட ரொம்ப இளைத்திருப்பது தெரிந்தது.

"என்னம்மா, சாப்பிடுறியா இல்லியா?"

பெண் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் நிக்கிறான்க்கா. தெனமும். நான் எறங்கினா பின்னாடியே வரான். கிட்ட வரமாட்டான். பேர் சொல்லிப் பேசுறான்."

டெய்லரக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். "எத்தன நாளா?"

"கேமரா வச்சதுக்கு முன்னாடியே."

"இவ்வளவு நாளா இந்தப் பெஞ்சுலதானம்மா வந்து உக்காந்துட்டுப் போன. ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? உங்க கையில பட்ட இருந்துச்சு. சொன்னா கூட்டத்துல வரும். கூட்டத்துல எங்கப்பா மைக் பிடிப்பார். மறுநாள்லேருந்து நான் வேலைக்குப் போக முடியாது. பொண்ணுக்குப் பாதுகாப்பு வீடுதான்னு அதுக்கும் ஒரு பேச்சுப் பேசுவார்."

டெய்லரக்கா கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினாள். எத்தனை சாயங்காலம் இந்தப் பெண் தன் கடையைத் தாண்டி, பின்னால் ஒருவன் வர, தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பாள்? அந்த நேரத்தில் மேலங்கிக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தோமே என்று நினைக்கவே கூசியது.

ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினாள்: "ஏட்டுகிட்ட பேன்ட் ரெடின்னு சொல்லு." ஏட்டு பேன்ட் எதுவும் கொடுத்திருக்கவில்லை. இருந்தாலும் உடனே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பெண்ணைப் பார்த்து, "புகார் எழுதிக் குடுக்கறியாம்மா? லேடி கான்ஸ்டபிள் இருக்காங்க, அவங்களே வாங்கிப்பாங்க. உனக்கு வேணும்னாதான்" என்றார்.

"மொதல்ல அவன் வராம இருக்கணும். மறுபடி வந்தா எழுதித் தரேன்."

"சரி. அவங்க நம்பர வச்சுக்கோ. எப்ப வேணா பேசு."

மறுநாள் சாயங்காலம் அந்த ஆள் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதும், ஏட்டு பக்கத்தில் போய் நின்றார். "தம்பி யாரு? எங்க வேலை? வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று சம்பந்தம் பேச வந்தவர் மாதிரிக் கேட்டார். கேட்டதை அவன் எதிரிலேயே எழுதிக்கொண்டார். "அந்தப் பொண்ணு இன்னும் புகார் குடுக்கல. குடுத்தா நான் இவ்வளவு மரியாதையா பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவன் அதற்கடுத்த நாளும் வந்து பார்த்தான். பழக்கடைக்காரர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "யாரத் தம்பி தேடுறீங்க? உக்காருங்க" என்றார். கொஞ்சம் தள்ளி நின்றான். நாத்தனார் சைக்கிளை அவன் காலை ஒட்டி நிறுத்தி, "வழி தெரியலையா? நான் வேணா கொண்டு விடட்டுமா?" என்றாள். சந்து முனைக்குப் போனான். டெய்லரக்கா கையில் கத்தரியோடு வெளியே வந்து, "உள்ள வாங்க, அளவெடுத்துடுவோம்" என்றாள். இத்தனை உபசாரத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவனை யாரும் பார்க்கவில்லை. லேடி கான்ஸ்டபிள் மட்டும் சில வாரம் அந்தப் பெண்ணோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

இது எந்தக் கூட்டத்திலும் வரவில்லை. ஆகவே மாதக் கடைசியில் குழு கூடியபோது, இந்தப் பகுதியிலிருந்து பொதுமக்கள் ஒரு தகவலும் தரவில்லை என்று இன்ஸ்பெக்டர் வருத்தப்பட்டார். செக்ரட்டரி மைக்கை வாங்கி, மக்களிடம் சமூகப் பொறுப்பு குறைந்து வருவதைப் பற்றி மனம் நொந்து பேசினார். அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்றே யாருக்கும் அக்கறை இல்லை என்றார். ஒலிபெருக்கி தெரு முழுக்கக் கேட்டது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மகள் பஸ்ஸைவிட்டு இறங்கித் தனியாக நடந்து வந்தாள். அவசரம் எதுவும் இல்லை. வழியில் பழக்கடையில் நின்று ஏதோ விலை கேட்டாள். டெய்லரக்கா கடைக்குள் ஏறி, தைத்து வைத்திருந்த கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா குரல் இன்னிக்கு ரொம்ப உடைஞ்சு கெடக்குல்லக்கா?"

"பாவம், நொந்து போயிருக்கார்."

"பாக்கெட் இன்னும் கொஞ்சம் ஆழமா வச்சுத் தரீங்களா? போன் வெளிய எட்டிப் பாக்குது."

"கழட்டிக் குடு, இப்பவே பிரிச்சுப் போட்டுடுறேன்" என்று டெய்லரக்கா மெஷின் விளக்கைப் போட்டாள்.